வராதவர் யார்?

ஆண்டிறுதியில் வகுப்பாசிரியரின் மேசையில் குவியும் ஏடுகளுள் வரவு இடாப்பும் தேர்ச்சி அறிக்கையும் முதன்மையானவை. ஓராண்டுக் காலம் பிள்ளைக்கு நேர்ந்தது யாது என்பதற்கு அவையே சாட்சி. அச்சாட்சி பிழையாக உரைக்குமாயின் அதன் சுமையைத் தாங்குபவர் யார்? கொள்ளைநோய்க் காலத்துக் கனிஷ்ட இடைநிலை வகுப்புகளை முன்வைத்து இவ்வினாவை ஆராய்தல் தகும்.

2020 மார்ச் நடுப்பகுதியில் இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டன. ஜூலை தொடக்கம் படிப்படியாகத் திறந்தன. ஒக்டோபரில் மீண்டும் மூடின. 2021 ஏப்ரல் இறுதியில் மூடியவை, அவ்வாண்டு ஒக்டோபர் 21 இல், 200 மாணவருக்குக் குறைந்த பாடசாலைகளின் ஆரம்ப வகுப்புகளிலிருந்தே திறக்கலாயின. இக்காலமெல்லாம் கல்வி தடையின்றி நடைபெறுவதாகவே கூறப்பட்டது. தொலைக்காட்சியிற் பாடம், கல்வியமைச்சின் இ-தக்சலாவ தளத்திற் பாடம், இவற்றினும் மேலாக, ஆசிரியர் கைப்பட எழுதிப் படம்பிடித்து வட்ஸ்அப் குழுவில் இட்ட பாடம். ஆனால் வீட்டிலுள்ள ஒரே கைத்தொலைபேசி காலையில் தந்தையோடு வேலைக்குப் போய்விடும். மாலையில் அது திரும்பும்போது மூன்று பிள்ளைகளின் பாடங்கள் அதனுள் முடங்கிக் கிடக்கும். றீலோட் தீர்ந்திருந்தால் அதுவுமில்லை.

2021 இல் போகிட்டியாவ என்னும் கிராமத்துச் சிறுவர் காட்டுவழியே நடந்து, அலை எட்டும் பாறையுச்சியில் ஏறிப் பாடம் பெற்ற செய்தி வெளிநாட்டுப் பத்திரிகைகளிலும் வந்தது. மலையகத்து லயங்களிலும் அதே தேடல்தான். சிங்களக் கிராமத்துச் சிறுவனுக்கும் தோட்டத் தொழிலாளியின் மகளுக்கும் இருந்த குறை ஒன்றே. அச்சிறுவரின் ஊக்கத்தைப் பலரும் வியந்து போற்றினர். பாறையில் ஏற இயலாதவர் எத்தனை பேர் என எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இனி இடாப்புக்கு வருவோம். பாடம் சென்றடையாத பிள்ளையின் பெயருக்கு நேரே எழுதப்பட்ட சொல் ‘வரவில்லை’ என்பது. எவர் வரவில்லை? பிள்ளை தன் வீட்டிலேயே இருந்தது. 1945 இல் இலவசக் கல்வியை உரிமையாக வழங்குவதாக வாக்களித்த அரசன்றோ அவ்வீட்டு வாயிலை எட்டவில்லை! (தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அவ்வாக்குத் தானும் பல பத்தாண்டுகள் பிந்தியே வந்தது, அவர்களின் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது எழுபதுகளில்.) ஒரே சொல்லினால் கடன்காரன் கடன் கொடுத்தவனாகவும், கொடுத்தவன் கடன்காரனாகவும் மாற்றப்பட்டுவிட்டனர்.

வகுப்பேற்றம் குறித்து அக்காலத்தில் இருவகைக் கருத்துகள் நிலவின. பரீட்சையின்றி மேல்வகுப்புக்கு அனுப்புதல் சோம்பலை வளர்க்கும் என்றனர் ஒரு சாரார். கற்பிக்காததைக் கேட்டுத் தண்டிப்பதை நீதி என எவ்வாறு கொள்வது? அக்கருத்து நெடிய மறுப்புக்கு உரியதன்று. மற்றைய கருத்தோ இரக்கத்தின் உருவில் வருவது: எல்லோரையும் ஏற்றிவிடுவோம், நடந்ததை மறப்போம் என்பது. பல பாடசாலைகளில் அவ்வாறே நடந்தது. 2021 ஆம் கல்வியாண்டு 2022 ஏப்ரலில் முடிய, அம்மாதத்திலேயே அடுத்த கல்வியாண்டு பிறந்தது. பின்னக் கணக்கை ஒருநாளும் எவரும் விளக்கக் கேளாத பிள்ளையின் முன்னே தரம் 8 கணித நூல் விரிக்கப்பட்டது. ஏற்றியது சரியே, மறந்ததுதான் அநீதி. கடன் கொடுத்தவனைக் கேளாமலே கடன்பத்திரத்தைக் கிழிப்பது பெருந்தன்மையாகாது.

ஆசிரியராகிய நமக்கு ‘நிலுவை’ என்னும் சொல்லின் பொருளை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. சம்பள முரண்பாட்டை நீக்கக் கோரி 2021 ஜூலை 12 முதல் ஒக்டோபர் பிற்பகுதி வரை நமது சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகி நின்றன. அப்போராட்டம் நியாயமானது என்பதே எமது துணிபு. அந்நாட்களையும் சேர்த்தே பிள்ளையின் நிலுவை கணக்கிடப்படல் வேண்டும் என்பதும் எமது துணிபே. தன் நிலுவையைக் கேட்கும் தொழிலாளி, அருகில் நிற்கும் சிறு தொழிலாளியின் நிலுவையை மறைப்பதில்லை. நோய் ஓய்ந்த பின்னும் கணக்கு முடியவில்லை; 2022 ஜூன் மாதத்து எரிபொருள் தட்டுப்பாடு நகரப் பாடசாலைகளை மீண்டும் மூடியது.

2020 இல் தரம் 7 இல் இருந்தோர் 2025 மார்ச்சில் சாதாரண தரப் பரீட்சை எழுதினர். பாறையேறியவருக்கும், ஏறாதவருக்கும், தனியறையில் மடிக்கணினியோடு அமர்ந்திருந்தவருக்கும் வினாத்தாள் ஒன்றே. அதனைச் சமத்துவம் என்றழைக்க நமது நா எழவில்லை.

மழையோ, மண்சரிவோ, வேறெதுவோ பாடசாலையை நாளையும் மூடக்கூடும். அப்பொழுது ஆண்டிறுதி அறிக்கையில் ‘வரவில்லை’ என்பதற்குப் பதிலாகப் ‘பாடம் சென்றடையவில்லை’ என எழுதும் உரிமையை வகுப்பாசிரியர் கோருதல் வேண்டும். கற்பிக்கப்படாத அலகுகளின் பட்டியல் ஒன்று பிள்ளையோடு மேல்வகுப்புக்குச் செல்லட்டும். அவ்வகுப்பின் முதற்றவணையில் புதிய நூலைத் திறக்குமுன், அப்பட்டியலுக்கென நேரசூசியிற் பாடவேளைகள் ஒதுக்கப்படட்டும். வலயக் கல்வி அலுவலகம் இதற்கு உடன்படாது என்பர். சங்கக் கூட்டங்களின் நிகழ்ச்சிநிரலில் சம்பளத்துக்கு அடுத்த இடத்தில் இதனை வைத்துப் பார்த்த பின்னரன்றோ அதனைச் சொல்ல முடியும்?