ஊருக்கு நல்லவர்

கொலை வழக்குகளில் "இந்த ஊரில் எனக்கு நியாயம் கிடைக்காது, விசாரணையை வேறு ஊருக்கு மாற்றுங்கள்" என்று கேட்பது வழக்கமாகக் குற்றம் சாட்டப்பட்டவர்தான். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கார்த்தேஜ் என்ற சிற்றூரில் அது தலைகீழாக நடந்தது. கேட்டவர் அரசுத் தரப்பு வழக்கறிஞர் டேனி பக் டேவிட்சன். கொலை செய்தவர் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார். உடலும் கிடைத்துவிட்டது. ஆனாலும் உள்ளூர்க்காரர்கள் ஜூரியாக உட்கார்ந்தால் ஆளை விட்டுவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். பயத்துக்குக் காரணம் இருந்தது. குற்றவாளிக் கூண்டில் நின்ற பெர்னி டீடி, அந்த ஊரில் சாவு விழுந்த வீடுகளுக்கெல்லாம் ஆறுதலாக வந்து நின்ற மனிதர்.

பெர்னி 1958-இல் பிறந்தவர். சிறு பிள்ளையாக இருந்தபோதே தாய் போய்விட்டார். பதின்ம வயதில் தந்தையும் போனார். சாவு வீட்டின் நிசப்தம் எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. 1985-இல் கார்த்தேஜுக்கு வந்து, ஹாதார்ன் இறுதிச் சடங்கு நிலையத்தில் உதவி இயக்குநராகச் சேர்ந்தார். லூசியானா எல்லைக்கு அருகிலுள்ள ஊர் அது. எரிவாயுக் கிணறுகளும் தேவாலயங்களும் உண்டு, மக்கள்தொகை ஏழாயிரத்தைத் தொடாது.

நம் ஊரில் ஒருவர் இறந்தால் சொல்லி அனுப்ப ஒருவர், பாடை கட்ட ஒருவர், குளிப்பாட்ட உறவுக்காரர்கள், சுடுகாட்டில் வெட்டியான் என்று வேலை பல கைகளில் பிரிந்துவிடும். அமெரிக்காவில் இவ்வளவும் ஒரே நிறுவனத்தின் பொறுப்பு. உடலை வாங்கி வந்து பதப்படுத்தி, குளிப்பாட்டி, உடை மாற்றி, முடி சீவி, முகத்துக்கு லேசாக நிறம் பூசிப் பார்வைக்கு வைப்பார்கள். உள்நாட்டுப் போரில் மடிந்த சிப்பாய்களைத் தொலைதூர வீடுகளுக்கு அனுப்ப வேண்டியிருந்ததால்தான் உடலைப் பதப்படுத்தும் முறை அங்கே பரவியது. 1865-இல் ஆபிரகாம் லிங்கனின் உடல் ரயிலில் ஊர் ஊராகப் போனபோது அது நாடறிந்த வழக்கமாயிற்று.

இந்த வேலையில் பெர்னிக்கு நிகர் பெர்னிதான் என்று ஊர் சொன்னது. இறந்தவரின் முகத்தில் கடைசியாக ஓர் அமைதியை வரவழைப்பார். பாட ஆள் இல்லையென்றால் தானே பாடுவார். மெதடிஸ்ட் தேவாலயப் பாடகர் குழுவில் அவர் குரல் பிரசித்தம். அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, துணையை இழந்த முதியவளின் கதவைத் தட்டி நலம் விசாரிப்பவரும் அவரே. பூச்செண்டு கொண்டுபோவார். வரிப் படிவம் நிரப்பித் தருவார். கல்லூரி மாணவர்களின் இசை நாடகத்துக்கு ஒத்திகை நடத்துவார். பிறர் துயரத்தை ஒருநாளும் தட்டிக்கழிக்காத மனிதர் என்ற பெயர் சும்மா வந்துவிடவில்லை.

1990-இல் ரோட் நியூஜென்ட் என்ற வங்கி முதலாளி இறந்தார். பெரிய பணக்காரர். அடக்கத்தை நடத்தியவர் பெர்னி. வழக்கம்போல விதவையைப் பார்க்கப் போனார். மார்ஜரி நியூஜென்டுக்கு அப்போது எழுபதைத் தாண்டிய வயது. மனிதர்களை அண்டவிடாதவர், கடுகடுத்தவர், கஞ்சத்தனம் மிகுந்தவர் என்று ஊர் அவரைப் பற்றிப் பேசும். ஒரே மகனோடு உறவு அறுந்திருந்தது. சகோதரிகளோடும் ஒட்டில்லை. அந்தக் கதவு பெர்னிக்குத் திறந்தது.

சேர்ந்து தேவாலயம் போனார்கள், சேர்ந்து வெளிநாடு போனார்கள். அம்மாள் தன் உயிலைப் பெர்னியின் பெயருக்கு மாற்றினார். 1993-இல் பெர்னி இறுதிச் சடங்கு வேலையை விட்டு, அவருக்கே முழுநேரத் துணையானார். நாளடைவில் அந்தத் துணை சங்கிலியானது என்று பின்னால் நீதிமன்றத்தில் சொன்னார்கள். எங்கே போகிறாய், ஏன் தாமதம் என்று ஓயாத அதிகாரம். "என்னால் முடியாது, நான் போகிறேன்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். கோபம் என்றால் கத்துவது, அடிப்பது என்று நாம் நினைக்கிறோம். சிரித்த முகத்துக்குள் வருடக்கணக்காகப் புழுங்கும் கோபமும் உண்டு. எல்லோருக்கும் நல்லவராகவே இருக்க வேண்டும் என்று விரதம் பூண்டவர்களிடம் அது அதிகம்.

1996 நவம்பர் 19. தோட்டத்தைத் தோண்டும் பிராணிகளைச் சுட வைத்திருந்த .22 துப்பாக்கியை எடுத்து, 81 வயது மார்ஜரியைப் பின்னாலிருந்து நான்கு முறை சுட்டார். உடலைத் துணியில் சுற்றி, வீட்டிலிருந்த இறைச்சி ஃப்ரீசரில் வைத்து, மேலே உணவுப் பொட்டலங்களை அடுக்கினார்.

நம் தெருக்களில் வெளியூர்ப் பிள்ளைகள் வந்து சேரும்வரை ஃப்ரீசர் பெட்டியில் உடலை வைப்பது இன்று சாதாரணம். பெட்டியைச் சுற்றி உறவு உட்கார்ந்திருக்கும், தலைமாட்டில் விளக்கு எரியும். மார்ஜரி ஒன்பது மாதம் கிடந்தார். விளக்கும் இல்லை, உட்கார்ந்திருக்க ஆளும் இல்லை. அம்மாளுக்கு உடம்பு சரியில்லை, வெளியூரில் இருக்கிறார் என்று பெர்னி சொன்னார். ஊர் நம்பியது. அதே மாதங்களில் பெர்னியின் கையிலிருந்து அம்மாளின் பணம் ஊருக்குள் தாராளமாகப் பாய்ந்தது. தேவாலயத்துக்கு, மாணவர்களுக்கு, கார் வாங்க முடியாதவர்களுக்கு. அம்மாளைக் காணோமே என்று சந்தேகப்பட்டவர்களில் ஒருவர் அவரது பங்குத் தரகர். கொஞ்சம் நினைத்துப் பாருங்கள், பணத்தைக் கவனித்தவருக்குத்தான் ஆளின் ஞாபகம் வந்தது! 1997 ஆகஸ்டில் குடும்பத்தாரும் காவலர்களும் வந்து ஃப்ரீசரைத் திறந்தார்கள். உறைந்த உடல் இளகச் சில நாட்கள் காத்திருந்த பிறகே பிரேதப் பரிசோதனை செய்ய முடிந்தது.

நூற்றுக்கணக்கான உடல்களை மரியாதையோடு வழியனுப்பியவர், தன்னை நம்பிய ஓர் உடலுக்கு மட்டும் அந்த மரியாதையை மறுத்தார். இந்தக் கதையில் கொலையைவிட இதுதான் நெஞ்சில் முள்ளாகத் தைக்கிறது.

நம் மரபில் இதற்கு நேர் எதிரான ஒரு காட்சி இருக்கிறது. ராவணன் விழுந்து கிடக்கிறான். அண்ணனுக்குக் கிரியை செய்ய விபீஷணனுக்கு மனம் வரவில்லை. கொடியவன், பிறன் மனை கவர்ந்தவன், இவனுக்கு நான் ஏன் செய்ய வேண்டும் என்கிறான். பகை சாவோடு முடிந்தது, உனக்கு எப்படியோ எனக்கும் அப்படியே, முறைப்படி செய் என்கிறார் ராமர். வால்மீகி இதைப் போர் முடிந்த களத்திலேயே வைத்திருக்கிறார். காஞ்சி மகா பெரியவர் அநாதைப் பிரேத சம்ஸ்காரத்தை அசுவமேத யாகத்துக்கு நிகரான தர்மமாக வலியுறுத்தியதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். இரண்டிலும் போன உயிர் நல்ல உயிரா என்ற கேள்வியே எழவில்லை.

கார்த்தேஜில் அந்தக் கேள்விதான் எழுந்தது. "அந்த அம்மாள் யாருக்கு என்ன நன்மை செய்தாள்?" என்று வெளிப்படையாகவே பேசினார்கள். பெர்னிக்காகத் தேவாலயத்தில் பிரார்த்தனை நடந்தது. ஒரு பாவிக்காகப் பிரார்த்திப்பதில் குற்றமே இல்லை. செத்தவளுக்கும் அதே வாயால் ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். தமக்கு உதவியவரை நேசித்ததை அந்த ஊர் அன்பு என்று எண்ணிக்கொண்டது. அது நன்றி. நன்றியும் நல்ல குணம்தான், ஆனால் தனக்குக் கிடைத்ததைத் தாண்டி அதற்குப் பார்வை போகாது.

டேவிட்சனின் கோரிக்கை ஏற்கப்பட்டு, வழக்கு சான் அகஸ்டின் என்ற ஊருக்குப் போனது. பெர்னியிடம் பூச்செண்டு வாங்காத ஜூரிகள் 1999 பிப்ரவரியில் அவரைக் குற்றவாளி என்றார்கள். ஆயுள் தண்டனை. 2011-இல் ரிச்சர்ட் லிங்க்லேட்டர் 'பெர்னி' என்று படம் எடுத்தார். ஜாக் பிளாக் பெர்னியாகவும் ஷெர்லி மெக்லைன் மார்ஜரியாகவும் நடித்தார்கள். கார்த்தேஜ் மக்கள் பலர் கேமராவுக்கு முன் தாங்களாகவே வந்து பேசினார்கள். படம் பார்த்து உலகம் சிரித்தது. மார்ஜரியின் குடும்பத்துக்கு அதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

சிறு வயதில் பெர்னி பாலியல் கொடுமைக்கு ஆளானவர் என்ற தகவல் பின்னர் வெளிவந்தது. அதன் அடிப்படையில் 2014 மே மாதம் 10,000 டாலர் பிணையில் அவர் வெளியே வந்து, ஆஸ்டினில் லிங்க்லேட்டர் வீட்டின் கார் ஷெட் மேல் அறையில் தங்கினார். தண்டனையை மீண்டும் விசாரித்தபோது பேத்தி உட்பட மார்ஜரியின் குடும்பம் நீதிமன்றம் வந்து பேசியது. படத்தில் வந்த சிடுமூஞ்சிக் கிழவி தங்கள் வீட்டு மனுஷி அல்ல என்றது. 2016 ஏப்ரலில் ஜூரிகள் 99 ஆண்டு முதல் ஆயுள்வரை என்று தீர்ப்பளித்தார்கள். பெர்னி சிறைக்குத் திரும்பினார்.

அதோடு அவர் பெயர் மறையவில்லை. டெக்சாஸ் சிறைகளில் பெரும்பகுதிக் கைதிகளின் அறைகளுக்குக் குளிர்சாதனம் கிடையாது. கோடையில் அறைக்குள் வெப்பம் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும். அறுபது வயதைக் கடந்த, சர்க்கரை நோயாளியான பெர்னி 2023-இல் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். அவரை மட்டும் குளிர்சாதன அறையில் வைக்க நீதிபதி உத்தரவிட்டார். 2024-இல் கைதிகள் உரிமை அமைப்புகளும் சேர்ந்துகொள்ள, மாநிலக் கைதிகள் அனைவருக்குமான வழக்காக அது விரிந்தது.

கொலைகாரனுக்குக் குளிர்சாதனமா என்று கேட்பவர்கள் அங்கே உண்டு, இங்கேயும் இருப்பார்கள். பிடிக்காத கிழவியின் உடலுக்கு மரியாதை வேண்டும் என்று இதுவரை தலையசைத்தவர்கள், அவரைச் சுட்டவனின் உடலுக்கும் அது உண்டா என்ற இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டியிருக்கும். 2025 மார்ச்சில் கூட்டாட்சி நீதிபதி ராபர்ட் பிட்மேன், இந்த வெப்பம் அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று எழுதினார். உடனே குளிர்சாதனம் பொருத்த உத்தரவிட மறுத்து, வழக்கை முழு விசாரணைக்கு விட்டார்.