செல்லாத ஆட்டமும் அழியாத வினையும்

ஒரு செயல் நிகழ்ந்து முடிந்த பின்னர், அதனால் விளைந்த பயன் செல்லாது என்று அதிகாரமுடைய ஓர் அமைப்பு அறிவித்துவிடுமானால் அந்தச் செயல் என்ன ஆகிறது என்னும் வினாவை, இந்தியத் தத்துவ மரபுகள் வேள்வியையும் தானத்தையும் முன்னிறுத்திப் பல நூற்றாண்டுகள் ஆராய்ந்துள்ளன. அதே வினா 2022 சனவரியில், மகளிர் கால்பந்துக்கான ஆசியக் கோப்பைப் போட்டியின் லீக் சுற்றில் மிகக் கூர்மையாக எழுந்தது. போட்டியை நடத்திய நாடான இந்தியா, சனவரி 20 அன்று நவி மும்பையில் ஈரானுடன் ஆடி, ஆட்டத்தின் பெரும்பகுதியில் மேலோங்கி நின்றும் கோல் அடிக்க இயலாமல் 0-0 எனச் சமன் செய்தது. மூன்று நாள் கழித்துச் சீன தைபே அணியை எதிர்கொள்ள வேண்டிய வேளையில், கொரோனா தொற்று இந்திய முகாமில் பரவியிருந்தமையால், விதி கேட்ட குறைந்தபட்ச எண்ணிக்கையான 13 வீராங்கனைகளைக்கூட அணியால் நிறுத்த முடியவில்லை. இந்தியா போட்டியிலிருந்து விலகியதாகக் கருதப்பட்டது; நடந்து முடிந்த ஈரான் ஆட்டமும் செல்லாததாக்கப்பட்டது.

இந்தச் செய்தி புதுச்சேரியின் பாகூர்ப் பகுதிக்குத் தொலைதூரச் செய்தி அன்று. பாகூருக்குத் தெற்கே தென்பெண்ணையாற்றைக் கடந்தால் கடலூர். அந்தக் கடலூரிலிருந்து வந்து தமிழகக் காவல்துறையில் உதவி ஆய்வாளராகப் பணியாற்றிய இந்துமதி கதிரேசன் அந்த இந்திய அணியில் இடம்பெற்றிருந்தார். மணிப்பூரின் நீண்டகால மேலாண்மையை உடைத்து 2018இல் கட்டாக்கில் 2-1 என்ற கணக்கில் தமிழ்நாடு முதன்முறையாகத் தேசிய மகளிர் பட்டம் வென்றதற்குப் பின்னால், கடலூர் போன்ற ஊர்களின் மைதானங்களில் ஆண்டுக்கணக்கில் செய்யப்பட்ட பயிற்சி இருந்தது. ஆகவே செல்லாமற்போனது எங்கோ ஒரு பட்டியலில் உள்ள எண் மட்டும்தானா, அல்லது அந்த உழைப்புமா என்று கேட்பது புதுச்சேரியின் வில்லியனூரிலோ பாகூரிலோ வாழும் ஒருவருக்கு இயல்பான கேள்வியே ஆகும்.

முதலில் லீக் சுற்றின் இயல்பைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். தோற்றவர் வெளியேறும் சுற்றில் ஓர் ஆட்டத்தின் பயன் அந்த ஆட்டத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. லீக் சுற்றிலோ, நான்கு அணிகள் கொண்ட பிரிவில் ஒவ்வோர் அணியும் மூன்று ஆட்டங்கள் ஆடி, அவற்றின் புள்ளிகள் கூட்டப்பட்ட பிறகே எதற்கும் பொருள் உண்டாகிறது. அந்தப் போட்டியில் 12 அணிகள் மூன்று பிரிவுகளாக ஆடின. ஒவ்வொரு பிரிவிலும் முதலிரண்டு அணிகளோடு, மூன்றாமிடம் பெற்றவற்றுள் சிறந்த இரண்டும் காலிறுதிக்குச் செல்லும். இந்தியா விலகியதால் ஒரு பிரிவு மட்டும் மூன்று அணிகளாகச் சுருங்க, ஒப்பீடு சமமாக அமைய வேண்டும் என்பதற்காக, ஏனைய பிரிவுகளில் நான்காமிடம் பெற்ற அணிகளுக்கு எதிரான முடிவுகளும் மூன்றாமிடக் கணக்கிலிருந்து நீக்கப்பட்டன. தாய்லாந்து இந்தோனேசியாவை 4-0 என வென்றதும், வியட்நாம் மியான்மருடன் 2-2 எனச் சமன் செய்ததும் அந்தக் கணக்கில் இல்லை. மூன்றாமிடத்து அணிகள் மூன்றும் சுழியப் புள்ளிகளோடு நின்று, கோல் வித்தியாசத்தால் மட்டுமே தரம் பிரிக்கப்பட்டன. தாய்லாந்தும் வியட்நாமும் முன்னேறின. சீனாவிடம் 0-7 எனவும் சீன தைபேயிடம் 0-5 எனவும் தோற்றிருந்த ஈரான் வெளியேறியது.

வேத வேள்விகளின் பொருளை ஆராயும் தத்துவமான மீமாம்சை இந்த நிலையை வியக்கத்தக்க அளவுக்கு முன்கூட்டியே எண்ணிப் பார்த்திருக்கிறது. வேள்வி சில நாள்களில் முடிந்துவிட, அதன் பயனாகிய சுவர்க்கமோ இறப்புக்குப் பின்னரே கிட்டுவதாகச் சொல்லப்படுவதால், இடைப்பட்ட காலத்தில் இரண்டையும் இணைப்பது எது என்று மீமாம்சையர் கேட்டனர். செயல் மறைந்த பின்னும் பயன் விளையும்வரை மறையாதிருக்கும் காணப்படாத ஆற்றல் ஒன்று உண்டு என்று கொண்டு, அதற்கு அபூர்வம் எனப் பெயரிட்டனர். ஆயினும் ஒரு பயனை விரும்பிச் செய்யும் காமிய கருமத்தில், உறுப்புச் செயல்கள் அனைத்தும் நிறைவுற்றாலன்றி அந்த ஆற்றல் முழுமையாக எழாது. கடமையாக அன்றாடம் செய்யும் நித்திய கருமத்துக்கோ இயன்ற அளவு செய்தாலே போதும். சத்திரம் எனப்படும் கூட்டு வேள்விக்குக் குறைந்தது 17 பேர் வேண்டும் என்பதும், நடுவில் ஒருவர் இறந்துபட்டால் எண்ணிக்கை குன்றாதிருக்க மாற்றாள் ஒருவரைச் சேர்க்கலாம் என்பதும் அந்நூல்களில் விரிவாக விவாதிக்கப்பட்டுள்ளன. மூன்று ஆட்டங்களையும் ஒரே கருமத்தின் மூன்று உறுப்புகளாகக் கொண்டு, ஒன்று குறைந்தால் முழுவதும் பயனற்றது என்று தீர்த்த ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் விதி, அறிந்தோ அறியாமலோ, காமிய கருமத்தின் தருக்கத்தையே பின்பற்றுகிறது. போட்டி என்பது பயனை நாடியே ஆடப்படுவதால் அந்தத் தருக்கம் இங்கே பொருந்தவும் செய்கிறது.

ஆனால் அது இந்தியாவுக்கே பொருந்துகிறது, ஈரானுக்குப் பொருந்தவில்லை. இந்த இடத்தில்தான் சிக்கலின் உண்மையான ஆழம் இருக்கிறது. தாஷ்கண்டில் 2021 செப்டம்பரில் சோர்டானை வென்று வரலாற்றிலேயே முதன்முறையாக ஆசியக் கோப்பைக்குத் தகுதிபெற்ற ஈரான் மகளிர், தம் முதல் ஆட்டத்திலேயே, போட்டியை நடத்தும் நாட்டுக்கு எதிராக ஒரு புள்ளி ஈட்டினர். தம் உறுப்புச் செயல்கள் அனைத்தையும் குறையின்றி முடித்தும், பிறர் உடலில் புகுந்த நோயால் அந்தப் புள்ளியை இழந்தனர். இந்தியாவில் அந்நாள்களில் எழுந்த வருத்தம் பெரும்பாலும் இந்தியாவின் இழப்பைப் பற்றியதாகவே இருந்தது. அந்த வருத்தம் நியாயமானதே. என்றாலும், அன்று மிகுதியாக இழந்தவர்கள் ஈரானியப் பெண்களே என்பதை ஒப்புக்கொள்ளாத வருத்தம் முழுமையானதாகாது.

வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயிலும் பாகூர் மூலநாதர் கோயிலும் சார்ந்துள்ள சைவ மரபின் தத்துவமாகிய சைவ சித்தாந்தம், வினையை மூன்றாகப் பகுக்கிறது: மனம், வாக்கு, காயம் ஆகியவற்றால் இப்போது புதிதாக ஈட்டப்படுவது ஆகாமியம், ஈட்டப்பட்டுப் பயன் தராமல் தொகுதியாகக் கிடப்பது சஞ்சிதம், அதிலிருந்து இப்பிறவிக்கென வந்து நுகரப்படுவது பிராரத்துவம். வினை அறிவற்ற சடப்பொருள் ஆதலால், தன்னைச் செய்தவரைத் தானே தேடிச் சென்று அடைய அதனால் இயலாது. அதைக் கூட்டுவிப்பவன் இறைவன் என்பதும், அவன் ஒருவர் வினையை மற்றொருவர்மேல் ஏற்றுவதில்லை என்பதும் அம்மரபின் உறுதியான கொள்கைகள். மீமாம்சையின் அபூர்வத்துக்கும் சித்தாந்தத்துக்கும் உள்ள முதன்மையான வேறுபாடு இதுவே. பயனைக் கூட்டுவிப்பவன் ஒவ்வோர் உயிரின் உள்ளத்தையும் அறிந்தவன் என்று கொள்ளும் சித்தாந்தத்தில், குற்றமற்றவரிடமிருந்து பயனைப் பறிக்கும் விதிக்கு இடமில்லை. மனிதர் அமைத்த ஒரு கூட்டமைப்போ உள்ளங்களை அறியாது. முன்கூட்டி அறிவித்த விதியை எல்லார்க்கும் ஒரே வகையில் செலுத்துவது ஒன்றே அதற்கு இயன்ற நீதி. அந்த விதி தவறானது என்று சொல்வதற்கில்லை. அதன் தீர்ப்பை வினையின் மீதான தீர்ப்பாக எடுத்துக்கொள்வதே தவறு.

ஏனெனில் நிகழ்ந்ததை நிகழாததாக்கும் ஆற்றல் எவருக்கும் இல்லை. கிரேக்க அறிஞர் அரிசுட்டாட்டில் இதை இறைமைக்கும் உரிய எல்லையாகக் குறித்தார். 13ஆம் நூற்றாண்டின் கத்தோலிக்க இறையியலாளர் தாமசு அக்குவினாசு, எல்லாம் வல்ல இறைவனும் கடந்ததை நடவாததாக்க இயலாது, அது முரண்பாடாகும் என்று வாதிட்டார். 1877இல் எழுப்பப்பட்ட லூர்து அன்னை ஆலயமும் தொன்மையான சிவன் கோயிலும் ஒரே ஊரில் நிற்கும் வில்லியனூரில், இந்த இரு மரபுகளும் இவ்வொரு கருத்தில் ஒன்றையொன்று சந்திக்கின்றன. இல்லது வாராது, உள்ளது அழியாது என்னும் சற்காரிய வாதத்தை, அதாவது காரியம் தன் காரணத்தில் முன்பே உள்ளது என்னும் கொள்கையை, சித்தாந்தமும் ஏற்கிறது.

நிகழ்ந்தது நிகழாததாகாது என்பதற்குப் பாகூரின் சொந்த வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. 9ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், பாகூரில் இருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையாக வழங்கப்பட்டதை வடமொழியும் தமிழும் கலந்த பாகூர்ச் செப்பேடுகள் பதிவுசெய்கின்றன. அந்தக் கல்விச்சாலை இன்று இல்லை. கொடையின் பயனை நுகர்வோரும் இல்லை. ஆயினும் கொடுத்தது நிகழ்ந்தது என்பதை அந்த இழப்பு சிறிதும் தொடவில்லை. செப்பேடு கிடைக்காமலே போயிருந்தாலும் அது நிகழ்ந்ததாகவே இருந்திருக்கும். அறிவோர் மட்டும் இருந்திருக்க மாட்டார்கள். ஒரு போட்டியைப் பின்தொடர்பவரின் பணி இங்கே தொடங்குகிறது. புள்ளிப் பட்டியல் பயனின் கணக்கை மட்டுமே வைத்திருக்கிறது. வினையின் கணக்கை, ஆட்டத்தைக் கண்டவர்களின் நினைவைத் தவிர வேறெதுவும் வைத்திருப்பதில்லை. தன் நாட்டு அணியின் பெயரை மட்டும் தேடிப் பட்டியலைப் பார்த்துவிட்டு நகர்பவர், கண்டும் காணாதவராகிவிடுகிறார்.

திருக்குறளில் ஊழைப் பேசும் 38ஆம் அதிகாரமும் தளராத முயற்சியைப் பேசும் ஆள்வினையுடைமை என்னும் 62ஆம் அதிகாரமும் ஒன்றையொன்று மறுப்பனபோலத் தோன்றுவதற்கு உரையாசிரியர்கள் பலவகையில் அமைதிகூறியுள்ளனர். 2022இன் நிகழ்ச்சியை வைத்துப் பார்த்தால், முன்னது பயனின் எல்லையையும் பின்னது வினையின் எல்லையையும் சொல்வதாகக் கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது. நடத்தும் நாடு என்ற உரிமையால் 2022இல் ஆடிய இந்தியா, 2025 சூலை 5 அன்று தாய்லாந்தின் சியாங்மாயில் சங்கீதா பாசுபோர் அடித்த இரு கோல்களால் அந்நாட்டு அணியை 2-1 என வென்று, ஆத்திரேலியாவில் நடைபெறவிருந்த 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதிச் சுற்றின் வழியாகவே இடம்பெற்றது. சப்பான், வியட்நாம் ஆகியவற்றோடு அதே சீன தைபேயும் குலுக்கலில் இந்தியாவின் பிரிவில் வந்து சேர்ந்தது. இதைப் பழைய கடன் தீர்ந்ததாகச் சொல்லும் ஆசை எழலாம். அவ்வாறு சொல்வது சரியன்று, ஏனெனில் 2022இல் ஆடாத ஆட்டம் வினையாகவே ஆகவில்லை, அது எங்கும் சேர்ந்து கிடக்கவும் இல்லை. 2026க்கு ஈரானும் தகுதிபெற்றது. ஏட்டுக் கணக்கின்படி, ஆசியக் கோப்பையில் அதுவரை ஒரு புள்ளியும் பெறாத அணியாகவே அது அந்தப் போட்டிக்குள் நுழைய வேண்டியிருந்தது.