பொற்கொல்லன் சொல்லும் மருந்தின் விலையும்: ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

தம் நலம் கருதி ஒருவர் ஆட்சியாளரை அணுகிப் பேசுவது எந்நிலையில் முறையாகும், எந்நிலையில் முறை பிறழ்ந்ததாகும் என்பது அரசியல் அறத்தின் பழைய வினாக்களுள் ஒன்றாகும். மருந்து விலை, மருத்துவர் ஒழுங்கு ஆகியன பற்றிய விதிகளை வகுக்கும்போது இவ்வினா கூர்மை பெறுகிறது. அங்குப் பேசுவோர் இழப்பது இலாபம். பேச இயலாதோர் இழப்பது உயிராகவும் இருக்கலாம். அரசின் முடிவுகளைத் தமக்குச் சார்பாக்கத் தொழில்துறையினர் மேற்கொள்ளும் முயற்சியை இதழ்கள் ‘லாபி’ என வழங்குகின்றன. இங்கு அது செல்வாக்கு முயற்சி எனச் சுட்டப்பெறுகிறது. இந்திய மருந்துக் கொள்கையின் வரலாற்றைச் சிலப்பதிகாரக் காட்சிகள் இரண்டுடன் ஒப்புநோக்கி, அம்முயற்சியை அளத்தற்குரிய அறநெறி யாது என ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

வாயிலில் கேட்ட சொல்

கொலைக்களக் காதையில் பாண்டியன் அமைச்சர் குழுவை நீங்கித் தேவியின் இருப்பிடம் நோக்கிச் செல்கின்றான். அவ்வேளையில் பொற்கொல்லன் எதிர்ப்பட்டு வணங்கித் தன் செய்தியைக் கூறுகின்றான். தேவியின் சிலம்பைக் கவர்ந்தவன் அவனே. எனினும் மன்னன் அதனை அறியான். கோவலன் வினவப்பெறாமலே கொல்லப்படுகின்றான்.

இந்நிகழ்வைப் பொற்கொல்லனின் வஞ்சகம் என்ற அளவிலேயே பொதுவாக விளக்குவர். ஆயின் மன்னனின் தவறு பொய்யை நம்பியதில் மட்டும் இல்லை. பயன்பெறுவோனின் சொல்லை அவைக்கு வெளியே, பாதிக்கப்படுவோன் இல்லாதபோது கேட்டு, அங்கேயே முடிவெடுத்ததில் அது தொடங்குகிறது. பொற்கொல்லன் கூறியது உண்மையாக இருந்திருப்பினும் முறை பிறழ்ந்ததே ஆகும்.

பின்னர்க் கண்ணகி வழக்குரைத்ததோ அவையில். எதிரில் மன்னனும் இருந்தான். சான்றாகச் சிலம்பும் உடைக்கப்பட்டது. அவளும் தன் பொருட்டே பேசினாள் என்பது கருதத்தக்கது. எனவே தன்னலம் பற்றிப் பேசுதல் குற்றமன்று. வாயிலில் கேட்ட சொல்லுக்கும் அவையில் கேட்ட சொல்லுக்கும் உள்ள வேறுபாடே காப்பியம் காட்டும் அளவுகோல் எனலாம்.

நன்மையாய் முடிந்த முயற்சி

இவ்வளவுகோலின் தேவையை ஐதராபாத் நகரின் மருந்துத் தொழில் வரலாறு நன்கு உணர்த்துகிறது. 1911ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் நடைமுறையிலிருந்த காலத்தில் அயல்நாட்டு நிறுவனங்களின் பிடியில் இந்திய மருந்துச் சந்தை இருந்தது. நீதியரசர் இராசகோபால ஐயங்கார் 1959இல் அளித்த அறிக்கையின் வழிவந்த 1970ஆம் ஆண்டுச் சட்டம், மருந்துப் பொருளுக்கன்றி அதன் செய்முறைக்கு மட்டுமே காப்புரிமை வழங்கியது. இச்சட்டம் வேண்டுமென உள்நாட்டு மருந்து உற்பத்தியாளரும் குரல் கொடுத்தனர். அதுவும் ஒரு செல்வாக்கு முயற்சியே.

அதன் பயனை இந்நகரில் காணலாம். 1961இல் தொடங்கப்பெற்ற ஐ.டி.பி.எல். என்னும் பொதுத்துறை நிறுவனம் சோவியத் துணையுடன் இங்கு ஓர் ஆலையை நிறுவியது. அதில் பணியாற்றிய அஞ்சி ரெட்டி 1984இல் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். குறைந்த விலை மருந்துகளைப் பல நாடுகளுக்கும் அளிக்கும் நகரமாக ஐதராபாத் வளர்ந்தது. தொழில்துறையின் நலனும் நோயாளியின் நலனும் அன்று ஒரு திசையில் சென்றன. ஆதலின் தொழில்துறையினர் பேசினர் என்பது கொண்டே ஒரு சட்டத்தைப் பழித்தல் பொருந்தாது.

பிரிந்த நலன்கள்

விலைக் கட்டுப்பாட்டில் இவ்விரு நலன்களும் பிரிந்தன. ஜெய்சுக்லால் ஹாத்தி தலைமையிலான குழு 1975இல் அளித்த அறிக்கை, வணிகப் பெயர்களைப் படிப்படியாக நீக்கி மருந்துகளை அவற்றின் பொதுப்பெயரால் வழங்கப் பரிந்துரைத்தது. தொழில்துறை எதிர்த்தது, அப்பரிந்துரை முழுமையாக நிறைவேறவில்லை. விலைக் கட்டுப்பாட்டிற்கு உட்பட்ட மூலமருந்துகள் 1979இல் 347ஆக இருந்தன. 1987இல் 142ஆகவும் 1995இல் 74ஆகவும் குறைந்தன. இதற்குச் செல்வாக்கு முயற்சி ஒன்றே காரணம் எனல் மிகையாகும். பொருளாதாரக் கொள்கை மாற்றமும் உடன் நின்றது. எனினும் மாற்றத்தின் திசை தொழில்துறை வேண்டிய திசையாகவே இருந்தது.

2013ஆம் ஆண்டு ஆணை இன்றியமையா மருந்துகள் பலவற்றைக் கட்டுப்பாட்டிற்குள் கொணர்ந்தது. ஆயின் உற்பத்திச் செலவைக் கணக்கிடும் பழைய முறை கைவிடப்பட்டது. சந்தையில் ஒரு விழுக்காட்டிற்குக் குறையாத பங்குடைய மருந்துகளின் சராசரி விலையே உச்சவிலைக்கு அடிப்படையாயிற்று. விலையை அளக்க வேண்டிய கோல், அவ்விலையைக் கொண்டே செய்யப்பட்டது.

2014 சூலையில் தேசிய மருந்து விலை ஆணையம் பட்டியலில் இடம்பெறாத இதயநோய், நீரிழிவு மருந்துகள் 108இன் விலைக்கு வரம்பு விதித்தது. தொழில்துறை அமைப்புகள் எதிர்த்தன. அதற்கு அடிப்படையான வழிகாட்டு நெறிகள் அவ்வாண்டு செப்டம்பரில் திரும்பப் பெறப்பட்டன. 2023 ஆகத்தில் தேசிய மருத்துவ ஆணையம் மருத்துவர்கள் பொதுப்பெயரால் மருந்தெழுத வேண்டுமென விதி வகுத்தது. மருத்துவர், மருந்து நிறுவனத்தார் ஆகியோரின் சங்கங்கள் மறுப்புத் தெரிவித்தன. அம்மாதம் 23ஆம் நாளே அவ்விதிகள் நிறுத்திவைக்கப்பட்டன. பொதுப்பெயர் மருந்துகளின் தரம் உறுதிசெய்யப்படவில்லை என்னும் அவர்தம் வாதம் புறந்தள்ளத்தக்கதன்று. அவ்வாதம் கேட்கப்பட்ட இடத்தில் நோயாளியின் சார்பாளர் இருந்தனரா என்பதே நம் வினா.

மறைவும் வெளிப்பாடும்

தேர்தல் பத்திரத் திட்டம் இவ்வினாவை மேலும் கூர்மையாக்கிற்று. அரசியல் கட்சிகளுக்கு அடையாளம் மறைத்து நிதியளிக்க வழிசெய்த அத்திட்டத்தை, வாக்காளரின் அறியும் உரிமைக்கு மாறானதென உச்சநீதிமன்றம் 2024 பிப்ரவரி 15இல் நீக்கியது. அடுத்த மாதம் வெளியான பட்டியலில் ஐதராபாத்தைச் சார்ந்தன உட்பட மருந்து நிறுவனங்கள் பலவும் இடம்பெற்றிருந்தன. நிதி அளித்தமையால் இன்ன முடிவு விளைந்தது என மெய்ப்பித்தல் அரிது. அம்மெய்ப்பித்தலை அரிதாக்கியதே மறைவின் தீமையாகும். குற்றமற்றவரும் தம்மைக் குற்றமற்றவரெனக் காட்ட இயலாத நிலை அதனால் உண்டாயிற்று.

இதற்கு மறுதலையான சான்றும் உண்டு. இதயக் குழாயில் பொருத்தும் ஸ்டென்டுகளின் இடைநிலை இலாப விவரங்களைத் தேசிய மருந்து விலை ஆணையம் பொதுவில் வெளியிட்டது. 2017 பிப்ரவரியில் மருந்து பூசிய ஸ்டென்டுக்கு ரூ.29,600 என உச்சவிலை வரையறுக்கப்பட்டது. சிலம்பு உடைக்கப்பட்டபின் உள்ளிருப்பது முத்தா மாணிக்கமா என்பதில் வாதத்திற்கு இடமில்லை.

நான்கு கூறும் ஐந்தாமவரும்

திருக்குறளின் மருந்து அதிகாரம் நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுவோர் என மருத்துவத்தை நாற்கூறாகப் பகுக்கிறது. மருந்தை விற்பவர் அப்பகுப்பில் தனியே இடம்பெறவில்லை. இன்று அவர் ஐந்தாமவராக வந்துள்ளார். அவரின்றி மருந்தும் இல்லை. ஆதலின் அவரை விலக்குதல் தீர்வாகாது. பிறர் பொருளையும் தம்முடையது போல் பேணுதல் வேண்டும் என்னும் வணிகர் அறத்தை வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்துள் வைத்திருப்பது இங்கு எண்ணத்தக்கது. காட்சிக்கு எளிமையை அவர் அரசனின் இயல்பாகக் கூறுவதும் எல்லார்க்கும் உரியதே. சங்கம் அமைத்துத் தலைநகர் செல்ல வல்லார்க்கு மட்டும் உரியதன்று. மருந்துக்கடையில் மாத்திரை அட்டையில் பாதியை மட்டும் வெட்டித் தரச் சொல்லும் முதியவருக்கு அவ்வெளிமை எட்டுவதில்லை.

முடிவுரை

செல்வாக்கு முயற்சியைப் பேசுவோர் யார், பேசிய பொருள் யாது என்பன கொண்டு மட்டும் அளத்தல் போதாது. எங்குப் பேசினர், எதிர்த்தரப்பு உடனிருந்ததா, சான்று வெளிவைக்கப்பட்டதா என்னும் மூன்றுமே அறத்தின் அளவைகளாகும். அமைச்சர்கள் தொழில்துறையினரைச் சந்திக்கும் கூட்டங்களின் குறிப்பு வெளியிடப்படுதலும், விலை முடிவுக்குரிய கணக்குகள் பொதுவில் வைக்கப்படுதலும், நோயாளிகளின் சார்பாளர்க்கு இடமளித்தலும் இவ்வளவைகளின் இன்றைய வடிவங்கள் எனலாம். பாண்டியன் தன் பிழையை உணர்ந்து உயிர் நீத்தான். எனினும் கோவலன் மீண்டானல்லன். முடிவெடுத்த பின்னர்க் கிடைக்கும் நீதி நோயாளிக்கும் அத்தகையதே.