வாயிற்படிவரை ஒரு நாற்காலி

அமெரிக்க நாட்டிலே, 1965 ஜூலை 30-ஆம் நாள், குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் ஒரு சட்டத்தில் கையொப்பமிட்டார். முதியோரை நோய் வாட்டும்போது அரசு கைகொடுக்கும் என்று கூறிய அந்தத் திட்டமே மெடிக்கேர். 1972-இல் வந்த திருத்தம், 65 வயது நிரம்பாத மாற்றுத்திறனாளிகளில் ஒரு பகுதியினருக்கும் அதன் நிழலை நீட்டியது. முதுமை குடும்பத்தின் சுமை, முடக்கம் அவரவர் தலைவிதி என்று கைகழுவிய காலத்திற்கு அளிக்கப்பட்ட அறிவார்ந்த விடை அது. பாராட்டத் தயங்கோம்.

ஆனால் தோழர்களே, அந்த நல்ல சட்டத்திற்குள்ளே ஒரு சிறு சொல் குந்தியிருக்கிறது: வீடு! சக்கர நாற்காலி போன்ற கருவிகள் நோயாளியின் வீட்டில் பயன்படுபவையாக இருக்கவேண்டுமாம். மருத்துவமனைக் கருவிகளினின்று பிரித்துக் காட்டவே அச்சொல் வந்தது என்கின்றனர் மாற்றுத்திறனாளிகளுக்காக வாதாடுவோர். ஆட்சித்துறையினர் கொண்ட பொருளோ வேறு. உண்ணல், உடுத்தல், குளித்தல், கழிப்பறை செல்லல் ஆகியவற்றை வீட்டிற்குள் செய்துகொள்ள ஊன்றுகோல் போதுமா, வாக்கர் போதுமா, கையால் உருட்டும் நாற்காலி போதுமா என்று படிப்படியாகக் கேட்டு, எதுவும் போதாதபோதுதான் மின்விசை நாற்காலி தருவர். அதிலும் நூற்றுக்கு 20 பங்கு பயனாளியின் பொறுப்பு.

எண்ணிப் பாருங்கள். கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் பத்தடித் தொலைவு. மூதாட்டி ஒருத்தி வாக்கரைப் பற்றித் தள்ளாடியேனும் போய்விடுகிறாள். தெருமுனைக் கடைக்கோ, நூலகத்திற்கோ, வாக்குச்சாவடிக்கோ அவளால் போக இயலாது. மின்விசை நாற்காலி கேட்கிறாள். இல்லை என்கிறது விதி! அவளினும் நலிந்தவருக்கு நாற்காலி கிடைக்கிறது. அதிலேறி அவர் ஊரைச் சுற்றிவரலாம், எவரும் தடுப்பதில்லை. வெளியே செல்லவேண்டும் என்ற தேவையை மட்டும் தேவையென ஏற்கமாட்டார்கள். பத்தடி நடக்க முடிந்தது குற்றமா? அதற்கு நான்கு சுவர்தான் தண்டனையா?

பொதுப்பணத்திற்கு வரம்பு வேண்டாமா என்பர். வேண்டும், மறுக்கவில்லை. மின்விசை நாற்காலியின் பெயரால் பொய்க்கணக்கு எழுதிப் பொருள் குவித்த வணிகர்கள் அங்கே சிறை புகுந்ததும் உண்மை. அதைத் தடுக்க மருத்துவரின் நேர்ப் பரிசோதனை உண்டு, பல வகை நாற்காலிகளுக்கு முன்னனுமதி உண்டு. 'அம்மா, நீ எந்த அறைக்குப் போகப் போகிறாய்?' என்ற கேள்வி எந்தத் திருடனைப் பிடிக்கும்?

ஊணும் உடையும் உடலைக் காக்கும். மனிதனுக்கோ பேச ஆள் வேண்டும், பார்க்கத் தெரு வேண்டும், சினங்கொண்டால் சேர்ந்து முழங்க ஒரு கூட்டமும் வேண்டும்! இவையெல்லாம் ஆடம்பரமெனில், அரசு பேணுவது குடிமகனையா, மூச்சுவிடும் உடலையா? அந்நாடே 1990-இல் சட்டமியற்றி, பேருந்திலும் நடைபாதையிலும் சக்கர நாற்காலிக்கு வழி திறந்தது. தேவையின்றி மாற்றுத்திறனாளிகளை விடுதிகளில் அடைத்துவைப்பது பாகுபாடே என்று 1999-இல் அதன் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. விடுதியில் அடைத்தால் பாகுபாடு. சொந்த வீட்டில் அடைத்தால் சிக்கனமா? தெருவெல்லாம் சரிவு அமைத்தார்கள். அந்த மூதாட்டியின் வாயிற்படிக்கு ஒரு சாய்தளம் போட மெடிக்கேரின் அடிப்படைத் திட்டத்தில் காசில்லை.

2023 மே திங்களில் ஒரு முன்னேற்றம். மின்விசை நாற்காலியின் இருக்கையை உயர்த்தும் பொறிக்கும் பணம் தரலாம் என முடிவாயிற்று. இருக்கை மாறி அமரவும், உயரத்திலுள்ளதை எட்டவும் உதவும் பொறி அது. வரவேற்போம். எட்டவேண்டிய அலமாரி வீட்டிற்குள் இருக்கவேண்டும் என்பது மட்டும் மாறவில்லை.