சீட்டுக்கட்டும் மனச்சான்றும்

திறமை வேண்டியிருக்கிறது என்பதனாலேயே ஒரு விளையாட்டு நேர்மையானதாகிவிடுமா? கடலூரிலும் சிதம்பரத்திலும் விடுமுறை நாட்களில் போக்கிமான் சீட்டுகளைப் பரப்பி அமரும் சிறுவரைக் கண்டு, "இதுவும் சூதாட்டம்தானே, சாமி?" என்று வினவும் பெற்றோர் உண்டு. அவசரப்பட்டு விடை கூறலாகாது.

1996-இல் ஜப்பானில் தோன்றிய இவ்விளையாட்டில் ஒவ்வொருவரும் தம் கட்டைத் தாமே அமைக்க வேண்டும். கட்டில் சரியாக 60 சீட்டுகள் இருக்கும். அடிப்படை ஆற்றல் சீட்டுகள் நீங்கலாக, ஒரே பெயருடையவை 4-க்கு மேல் கூடா. தொடக்கத்தில் கைக்கு வருவன 7. ஒரே பிரதியாக வைத்த சீட்டு, நூறு முறை கலைத்து எடுத்தால் ஏறத்தாழ 12 முறைதான் அந்த ஏழில் வரும். 4 பிரதிகள் இருப்பின், அவற்றுள் ஒன்றேனும் 40 முறை வரும். ஆகவே ஆசைப்பட்டதையெல்லாம் சேர்ப்பவன் தடுமாறுவான். ஒரு நோக்கத்தைத் தெரிந்துகொண்டு, அதற்கு உதவாத அழகிய சீட்டையும் விலக்கத் துணிபவனே முன்னேறுவான். இது நல்ல பயிற்சியே.

1967-இல் நம் உச்ச நீதிமன்றம் ரம்மியைப் பெரிதும் திறமை சார்ந்த ஆட்டம் எனத் தீர்த்தபோது, எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்னும் இந்த அறிவையே சுட்டியது. ஆயினும், பணயம் வைத்து ஆடும் ஆட்டத்தால் இடத்துக்குரியவர் ஆதாயம் பெறுவாராயின் அது குற்றமாகலாம் என்றும் எச்சரித்தது. திறமை எல்லாவற்றையும் தூய்மையாக்கிவிடாது.

போக்கிமானில் சிக்கல் ஆட்டத்துக்கு முன்பே தொடங்குகிறது. உறையைப் பிரிக்கும்வரை உள்ளிருப்பது தெரியாது. அரிய சீட்டை நாடி மீண்டும் மீண்டும் உறை வாங்குவதில் திறமைக்கு இடமேது? நான்கு என்னும் வரம்பு கட்டைக் கட்டுப்படுத்துமேயன்றிப் பணப்பையைக் கட்டுப்படுத்தாது. வசதியுள்ள சிறுவனிடம் நான்கும் இருக்கும். மீனவர் மகனிடம் ஒன்றுகூட இராது.

வாய்ப்பை நம்பிய விளையாட்டுகள் தம்மளவில் நீதிக்கு முரணானவை அல்ல. தமக்கோ பிறருக்கோ இன்றியமையாததை இழக்கச் செய்யும்போதே ஏற்கத்தகாதவை ஆகின்றன என்பது 1992-இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூலின் போதனை.

ஆகவே பெற்றோரே, சீட்டுகளைப் பறித்துக் கிழிக்க வேண்டாம். கட்டுக்கு விளையாட்டு வரம்பிட்டதுபோல், உறைக்கு நீங்கள் வரம்பிடுங்கள். ஆடுமுன் நல்ல சீட்டொன்றை இல்லாத தோழனுக்கு இரவல் தரக் கற்பியுங்கள். வாங்க இயலாதவனை வெல்வது வெற்றியாகுமா?