எடைக்கு வந்த காசு

புதுக்கோட்டை சமஸ்தானம் சொந்தமாக வெளியிட்டது அம்மன் காசு என்கிற சின்னச் செப்புக்காசைத்தான். பெரிய கொடுக்கல் வாங்கலுக்கு பிரிட்டிஷ் இந்தியாவின் வெள்ளி ரூபாய். வல்லத்திராக்கோட்டை மாதிரி ஊர்களில் டிரங்குப் பெட்டியின் அடியில் ராஜா தலை போட்ட காசு ஒன்றிரண்டு இன்னும் இருக்கும். கையில் பணம் இல்லாத நாளில் அப்பத்தா அதை எடுத்து நீட்டி, "எடைக்கு என்ன வருமோ போட்டுக் குடுப்பா" என்பார்.

தட்டார் எடையைப் பார்ப்பார். சேகரிப்பவன் வருஷத்தைப் பார்ப்பான்; ராஜாவின் கன்னமும் கிரீடமும் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பான். எழுபது வரை போகும் தர அளவுகோலில் மனசுக்குள் ஒரு எண் போடுவான். புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவந்தால் அவனுக்கு மதிப்பு குறைவு. கறுத்த காசுதான் உசத்தி. 1939 வரை ரூபாய் 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1940இல் வெள்ளியைப் பாதியாக்கினார்கள். 1939 என்று அச்சிட்ட ரூபாய் அபூர்வம். அசலாக இருந்தால் லட்சங்களில் போகும்.

அப்பத்தாவின் கையில் இருப்பது அதுதான் என்றால்? சொல்ல வேண்டுமா?

"வருஷக்கணக்கில் படிச்சு, போலிகளில் பணம் விட்டுக் கத்துக்கிட்ட கண்ணு இது. அதுக்குக் கூலி வேணாமா?" என்பார்கள். பழைய காசுக் கடைக்காரரின் தட்டிலிருந்து அப்படி ஒன்றை எடுத்தால் இந்த வாதம் செல்லும். அவருக்கும் அதே தொழில், அதே பூதக்கண்ணாடி. அப்பத்தா அப்படியில்லை. விலையை நம்மிடமே கேட்கிறார். கேட்ட பிறகு மௌனமும் ஒரு பதில்தான், பொய்யான பதில். கண்ணுக்குக் கூலி வேண்டுமென்றால் உண்மையைச் சொல்லிவிட்டுக் கேட்கலாம், பங்காகவோ தரகாகவோ.

கி.மு. 44இல் கடமைகளைப் பற்றி எழுதிய சிசரோ, ஸ்கேவோலா என்பவரைச் சொல்கிறார். நிலம் வாங்கப் போனவர், சொன்ன விலையைக் கேட்டு, "இது அதுக்கும் மேல பெறும்" என்று லட்சம் செஸ்டர்ஸ் கூடுதலாகக் கொடுத்தாராம். அவர் நல்லவர் என்பதை எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்; விவரமானவர் என்பதைச் சிலர் ஒத்துக்கொள்ளவில்லை.

நம்மூரில் அதற்கு 'பிழைக்கத் தெரியாதவன்' என்று பெயர். அந்தப் பெயரை வாங்கிக்கொள்ளத் தயாரா என்பதுதான் கேள்வி. காசைத் தரம் பார்க்க நூல்கள் இருக்கின்றன. காசை வாங்குகிறவனைத் தரம் பார்க்க, மறுநாள் அதே அப்பத்தாவிடம் விற்ற விலையைச் சொல்ல அவனால் முடியுமா என்று கேட்டால் போதும்.