மீட்டருக்கு எத்தனை பேர் என்று தெரியுமா?

"பாத்திரமறிந்து பிச்சையிடு" என்பார்கள். அரசாங்க உதவி பற்றிப் பேச்சு வந்தால் நம்மில் பலரும் இதைத்தான் எடுத்துப் போடுறோம். கஷ்டப்படுறவனுக்குக் கொடு, வசதியானவனுக்கு எதுக்கு? சரிதான். ஆனால் பாத்திரத்தை எதை வைத்து அறிவது?

2025 ஜூலை 1 முதல் தீபகற்பத்தில் புதிய மின்கட்டணம். வீட்டில் மாதம் 600 யூனிட்டுக்குள் எரித்தால் 10 வெள்ளி சில்லறைக் கட்டணம் கிடையாது. எரிபொருள் விலைக்கேற்ப மாதாமாதம் ஏறி இறங்கும் தொகையும் நம்மைத் தொடாது. 1,000 யூனிட் வரை சிக்கனத் தள்ளுபடி உண்டு. குறைவாக எரித்தால் யூனிட்டுக்கு அதிகத் தள்ளுபடி. குறைவாக எரிப்பவர் எளியவர், அதிகம் எரிப்பவர் வசதியானவர் என்பது இதன் கணக்கு.

இப்போது சுங்கை லாலாங், பீடோங் பக்கம் தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்களை நினைச்சுப் பாருங்க. தாத்தா பாட்டி, ரெண்டு மகன், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் என ஒன்பது பேர், ஒரே மீட்டர். 650 யூனிட் வந்தால் தலைக்கு 72 யூனிட்தான். ஆனால் அந்த வீடு எல்லையைத் தாண்டிவிட்டது. கொண்டோவில் தனியாக இருப்பவர் தினமும் ராத்திரி எட்டு மணி நேரம் ஏர்கோன் போட்டாலும் அதற்கு மாதம் சுமார் 200 யூனிட்தான். ஃபிரிஜ், வாஷிங் மெஷின் எல்லாம் சேர்த்தாலும் 600-ஐத் தொட மாட்டார். சலுகை அவருக்கு. கூட்டுக் குடும்பத்தை மேடையில் புகழ்கிறோம், பில்லில் அபராதம் போடுகிறோம்!

பெட்ரோலில் வேறு கணக்கு. 2025 செப்டம்பர் 30 முதல் லைசென்ஸ் உள்ள குடிமகன் ஒவ்வொருவருக்கும் ரோன்95 லிட்டர் 1.99 வெள்ளி, தொடக்கத்தில் மாதம் 300 லிட்டர் வரை. அங்கே தலையை எண்ணுகிறார்கள், இங்கே கூரையை. தலையை எண்ணினாலும் சிவப்பு அடையாள அட்டையோடு இங்கேயே உழைத்து மூப்படைந்தவர் அந்தக் கணக்கில் வரமாட்டார்.

கீதையின் 17-ஆம் அத்தியாயம் தானத்தை மூன்றாகப் பிரிக்கிறது. இடம், காலம், பாத்திரம் பார்த்து, பதிலுக்கு எதையும் எதிர்பாராமல் தருவது சாத்விகம். பலனை எதிர்பார்த்து மனசில்லாமல் தருவது ராஜசம். அவமதித்துத் தருவது தாமசம். தேர்தல் நேரத்தில் அறிவிக்கப்படும் உதவி எதில் சேரும் என்று நீங்களே சொல்லுங்க.

என்னைக் கேட்டால், மானியம் தானமே இல்லை. கொடுப்பவர் தன் பையிலிருந்து கொடுக்கவில்லை. கடையில் சாமான் வாங்கி வரி கட்டும் பாட்டியின் காசும் அதில் இருக்கு. "பிச்சை" என்ற அந்த ஒரு வார்த்தைதான் கெடுக்குது. பரம ஏழைகளுக்கு இ-காசே பதிவின் மூலம் மாதம் 40 வெள்ளி வரை மின்கட்டண உதவி உண்டு. "நாம யார்கிட்டயும் கையேந்தினதில்ல" என்று பதியாமலே இருக்கும் பெரியவங்களுக்கு நாம்தான் இதைப் புரிய வைக்கணும். ஞாயிறு வகுப்பு முடிந்து அரை மணி நேரம் போதும், ஃபாரம் நிரப்பிக் கொடுக்கலாம்.

எஸ்.டி.ஆர். உதவித்தொகைக்கு வருமானத்தையும் பிள்ளைகள் எண்ணிக்கையையும் அரசாங்கம் ஏற்கெனவே கேட்கிறது. அந்தக் கணக்கு மீட்டர் வரைக்கும் வரவேண்டியதுதான் பாக்கி.